வரி முடிவில் உடையும் ஆங்கிலச் சொல்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

தமிழில் எழுதும்போது வரி முடிந்துவிட்டால் அடுத்த வரிக்குப் போய்த் தொடர்வோம். கோடு கீடு எதுவும் போடுவதில்லை. 'எழுத்தாளர்' என்ற சொல்லில் 'எழுத்' மேலேயும் 'தாளர்' கீழேயும் நின்றால் யாரும் குறை சொல்வதில்லை. நாளிதழ்களின் ஒடுங்கிய பத்திகளில் அன்றாடம் இப்படித்தான் உடைகிறது. புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் போய் உட்காரக்கூடாது, அவ்வளவுதான் நம் கவலை. இதே பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதப் போகும் பிள்ளை, 'பிகாஸ்' என்ற சொல்லில் பி, இ, சி மூன்றையும் மேல்வரியில் எழுதிவிட்டு மிச்சம் நான்கு எழுத்தைக் கீழே இறக்குகிறது. ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கிறார். ஏன் சுழித்தார் என்று பெரும்பாலும் சொல்வதில்லை.

காரணம் நமக்குத் தெரிந்த இலக்கணத்திலேயே இருக்கிறது. செய்யுளை அலகிடும்போது ஓசையைப் பார்த்து அசை பிரிக்கிறோம். பொருள் என்ன ஆனாலும் கவலையில்லை. அப்படிப் பிரிக்கையில் ஒரு சொல் இரண்டாகப் பிளந்து வெவ்வேறு சீரில் விழுந்தால் அதற்கு வகையுளி என்று பெயரும் வைத்திருக்கிறோம். பகுபத உறுப்பிலக்கணத்தில் கதை வேறு. அங்கே பகுதி, விகுதி, இடைநிலை என்று பொருளைப் பார்த்துப் பிரிக்கிறோம். ஓசைக்கு அங்கே வேலையில்லை. ஆங்கிலச் சொல்லை வரி முடிவில் வெட்டுகிறவன் கையில் இந்த இரண்டு கத்தியும் இருக்க வேண்டும். எந்த இடத்தில் எதை எடுப்பது என்பதுதான் கீழே வரும் விஷயம். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு துண்டுத்தாளை வைத்து ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே படித்தால் வேகமாகப் பிடிபடும்.

செய்ய வேண்டியவை

முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஓர் அசைக்கு ஓர் உயிரொலி. எழுத்தை எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்ற சொல்லுக்கு ஒன்பது எழுத்து. அசை ஒன்றே ஒன்று. அதை எங்கேயும் வெட்ட முடியாது. இங்கே நம் காதே நமக்கு எதிரி. மெய்யில் முடியும் சொல்லை அப்படியே விட நம் நாக்குக்கு மனம் வராது. 'பஸ்' பஸ்ஸு ஆகும், 'ஃபிலிம்' ஃபிலிமு ஆகும், 'ஸ்கூல்' இஸ்கூலு ஆகும். ஓரசைச் சொல்லுக்கு இரண்டு மூன்று அசை கிடைத்துவிடும். இறந்தகால வினைகளில் இது இன்னும் மோசம். 'வாக்' என்பதன் இறந்தகாலத்தை 'வாக்கெட்' என்று சொல்லிப் பழகியவர், கடைசி இ, டி இரண்டையும் தனி அசை என்று நம்பி அங்கே வெட்டுவார். சரியான ஒலி 'வாக்ட்'. ஓரசை, வெட்டக்கூடாது. 'ஹெல்ப்ட்', 'லாஃப்ட்' எல்லாம் அப்படியே. வினையடியின் கடைசி ஒலி ட் அல்லது ட-வின் மென்குரல் வடிவமாக இருந்தால்தான் அந்த இ, டி தனி அசையாகும்: 'வான்டெட்', 'நீடெட்'.

குறிலா நெடிலா என்று கேளுங்கள். மெய்யெழுத்தில் முடியும் அசையில் உயிர் பெரும்பாலும் குறுகி ஒலிக்கும். உயிரில் முடியும் அசையில் நீண்டு ஒலிக்கும். 'ரிவர்' என்ற ஆற்றில் வி மேல்வரியில் நிற்கும்: ரிவ்-அர். 'ரைவல்' என்ற போட்டியாளரில் வி கீழே இறங்கும்: ரை-வல். 'லெமன்' எலுமிச்சையில் எம் மேலே, 'டீமன்' பிசாசில் எம் கீழே. அமெரிக்காவின் நோவா வெப்ஸ்டர் 1783இல் தன் எழுத்துக்கூட்டல் புத்தகத்தை வெளியிட்டபோது பிடித்துக்கொண்ட சண்டையே இதுதான். அதற்கு முன் பள்ளிகளில் புழங்கியது டில்வொர்த் என்ற ஆங்கிலேயரின் புத்தகம். அதில் 'ஹாபிட்' என்ற சொல் எச், ஏ என்று ஒரு துண்டாகவும் பி, ஐ, டி என்று மறு துண்டாகவும் பிரிந்திருந்தது. அப்படிப் பிரித்தால் குழந்தை முதல் உயிரை நீட்டித்தான் படிக்கும் என்றார் வெப்ஸ்டர். பி-யை மேலே ஏற்றினார். வெட்டுமிடம் உச்சரிப்பைக் கற்றுத் தரும் என்று கண்டுகொண்ட ஆசிரியர் அவர். நம்மூர் ஆங்கில வகுப்புகளில் இந்த ஒரு பாடத்தை ஒரு வாரம் நடத்தினாலே பாதி உச்சரிப்புத் தகராறு தீரும் என்பது என் கட்சி.

பெயரா வினையா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். ஒரே எழுத்துக்கூட்டல், இரண்டு வெட்டு உண்டு. 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்லாக வந்தால் அழுத்தம் முன்னே விழும். ஆர், இ, சி மூன்றும் மேலே நிற்கும். பதிவு செய் என்ற வினையாக வந்தால் அழுத்தம் பின்னே போகும். ஆர், இ மட்டும் மேலே, சி கீழே. 'பிரசன்ட்', 'ப்ராஜெக்ட்', 'ப்ராக்ரஸ்' எல்லாம் இந்தக் கூட்டம்தான். கணினியே இங்கே கையை விரித்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டில் டொனால்ட் கனூத்தின் மாணவராக இருந்த ஃபிராங்க் லியாங், ஆங்கிலச் சொற்களை வெட்டும் வழிமுறை ஒன்றை உருவாக்கி 1983இல் ஆய்வேடாகக் கொடுத்தார். குறும்பாகத் தலைப்புச் சொற்களையே அசை அசையாகக் கோடு போட்டு அச்சிட்டிருந்தார். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் அது புகுந்தது. மொத்தம் 4447 எழுத்துக் கோலங்கள். ஒரு கையகராதியின் வெட்டுமிடங்களில் 89 விழுக்காட்டை ஏறக்குறையப் பிழையே இல்லாமல் அது கண்டுபிடித்தது. அதற்கும் அடங்காத 14 சொற்களைத் தனிப் பட்டியலாகச் சேர்த்தார்கள். அதில் 'பிரசன்ட்', 'ப்ராஜெக்ட்' இரண்டும், அவற்றின் பன்மைகளும், ஒரு கோடுகூட இல்லாமல் முழுசாக இருக்கின்றன. பெயரா வினையா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் வெட்டாமல் விடு என்று முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல மெய்ப்பாளரின் முடிவும் அதுதான்.

பகுதியைக் கண்டுபிடியுங்கள். 'ரன்னிங்', 'காலிங்' இரண்டிலும் இரட்டை மெய் இருக்கிறது. ஆனால் ஓடு என்பதன் பகுதியில் ஒரே என். இன்னொன்று விகுதி சேரும்போது வந்தது. எனவே இரண்டு என்-களுக்கும் நடுவில் வெட்டு. கூப்பிடு என்பதன் பகுதியிலேயே இரண்டு எல் உண்டு. அவை பிரியாமல் மேலே நிற்க, விகுதி மட்டும் இறங்கும். 'சிங்கர்', 'ஃபிங்கர்' இரண்டையும் நாம் ஒரே மாதிரி சொல்கிறோம். ஆங்கிலேயர் அப்படிச் சொல்வதில்லை. பாடு என்ற பகுதியோடு விகுதி சேர்ந்தது முதல் சொல். அதில் ஒலிப்பது ங் மட்டும், என், ஜி இரண்டும் பிரியாமல் மேலே நிற்கும். விரலில் பகுதி விகுதி என்று ஒன்றுமில்லை. ங்க் என்று இரண்டு ஒலியும் கேட்கும், என் மேலே, ஜி கீழே. ங-வுக்கும் ங்க-வுக்கும் எழுத்திலேயே வேறுபாடு வைத்திருக்கும் நமக்கு இது கஷ்டமாக இருக்க நியாயமில்லை.

எஸ் பக்கத்தில் எச், பி பக்கத்தில் எச் வந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பொதுவாக அந்த இரட்டைகள் ஒரே ஒலி, பிரிக்கக்கூடாது. ஆனால் 'ஷெப்பர்ட்' என்ற இடையன், ஆடு என்ற சொல்லும் மேய்ப்பவன் என்ற சொல்லும் சேர்ந்து பிறந்தவன். அங்கே பி ஒரு சொல்லுக்கும் எச் மறு சொல்லுக்கும் சொந்தம். நடுவில் தாராளமாக வெட்டலாம். 'மிஸ்ஹாப்' என்ற விபத்தும் அப்படியே. அதை 'மிஷாப்' என்று படிக்கிறவர்கள் உண்டு. எழுத்து அப்படி ஏமாற்றுகிறது.

அகராதியில் புள்ளியை ஒரு கண்ணாலும் உச்சரிப்பை மறு கண்ணாலும் பாருங்கள். தலைச்சொல்லின் நடுவே இருக்கும் புள்ளிகள் அசையைக் காட்டுகின்றன என்று நினைத்தே பலர் காலத்தை ஓட்டுகிறார்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் 'அபாண்டன்' என்ற சொல்லைப் பாருங்கள். அசை மூன்று, புள்ளி ஒன்றுதான், அதுவும் கடைசி அசைக்கு முன்னால். முதல் ஏ-க்குப் பிறகு புள்ளி கிடையாது. அந்தப் புள்ளி வரி முடிவில் வெட்ட அனுமதிக்கும் இடம். அசைக் கணக்கு பக்கத்தில் உள்ள உச்சரிப்புக் குறியில் இருக்கிறது.

எந்த நாட்டு வழக்கு என்று தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். அமெரிக்கர்கள் வெப்ஸ்டர் வழியில் ஓசைக் கத்தியை எடுக்கிறார்கள். பிரிட்டனின் பழைய மரபு சொல்லின் பிறப்பைப் பார்த்தது. இன்று அங்கேயும் இரண்டும் கலந்துதான் புழங்குகின்றன. 'நாலெட்ஜ்' என்ற சொல்லில் பிரிட்டன் அறி என்ற பகுதியை முழுதாக மேலே வைத்து டபிள்யூவுக்குப் பின் வெட்டும். அமெரிக்கா எல்-ஐயும் மேலே இழுத்துக்கொள்ளும். 'ஃபோட்டோகிராஃபி' என்பதில் ஒளி, எழுத்து என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் நடுவே வெட்டுவது பிரிட்டன் மரபு. அமெரிக்கர்களுக்கு அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறதே, அதனால் ஜி மேலே போய்விடும். இந்தியாவில் நாம் எழுத்துக்கூட்டலில் பிரிட்டன் பக்கம். கணினியில் மொழித் தேர்வு மட்டும் பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலத்திலேயே கிடக்கும். அதை மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

செய்யக்கூடாதவை

ஒற்றை எழுத்தைத் தனியே தவிக்க விடாதீர்கள். 'அபவுட்' என்பதன் ஏ மட்டும் மேலே, மிச்சம் கீழே என்றால் வரி மிச்சமாவது ஓரெழுத்து இடம். அந்த இடத்தைக் கோடு தின்றுவிடும். மேலே குறைந்தது இரண்டு எழுத்து, கீழே கூடுமானவரை மூன்று.

மேல்வரியில் நிற்கும் துண்டு பொய் சொல்லக்கூடாது. இதற்கே மற்ற எல்லா விதியையும் விட அதிக மதிப்பெண் கொடுப்பேன். வாசகர் மேல்துண்டைப் படித்ததும் கீழ்த்துண்டை ஊகித்துக்கொண்டே கண்ணை இறக்குகிறார். ஊகம் தவறினால் தடுக்கி விழுவார். 'லெஜண்ட்' என்ற பழங்கதையை ஜி-க்குப் பின் வெட்டினால் மேலே கால், கீழே முடிவு. அகராதிப்படி அது பிழையில்லை. இருந்தாலும் நான் வெட்ட மாட்டேன். 'ரீஅட்ஜஸ்ட்' என்பதை டி-க்குப் பின் வெட்டினால் 'படி' என்று மேலே நிற்கும். 'வீக்நைட்ஸ்' என்ற வாரநாள் இரவுகளில் கே-யைக் கீழே இறக்கிப் பாருங்கள், குட்டி வீரர்கள் குதிரையேறி வருவார்கள். கொல்லும் நோக்கமில்லாமல் ஓர் உயிரைப் பறிக்கும் குற்றத்துக்கு 'மேன்ஸ்லாட்டர்' என்று சட்டத்தில் பெயர். அதில் எஸ்-ஐ மேலே விட்டால் கீழ்வரியில் சிரிப்பு வந்து நிற்கும். நீதிமன்றச் செய்தியில் இது அச்சானால் யாரும் சிரிக்க மாட்டார்கள். 'தெரபிஸ்ட்' என்பதை மூன்றாம் எழுத்தோடு நிறுத்தினால் கீழே என்ன வரும் என்பதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. துண்டுத்தாளில் போட்டுப் பாருங்கள். 'யூனியனைஸ்ட்' என்பது இன்னும் விசித்திரம். தொழிற்சங்கத்தில் சேர்ந்தவர்கள் என்று படிப்பவர் ஓரிடத்தில் வெட்டுவார். அயனியாகாத பொருள் என்று படிக்கும் வேதியியல்காரர் இரண்டே எழுத்தில் வெட்டுவார். எழுத்துக்கூட்டல் இருவருக்கும் ஒன்றுதான். சுற்றியுள்ள வாக்கியத்தைப் படிக்காமல் இந்தச் சொல்லை அகராதியாலும் வெட்ட முடியாது.

கோட்டைக் கையால் தட்டாதீர்கள். என் சொந்தப் பாவம் இது. ஓர் ஆண்டு மலருக்கு ஆங்கிலப் பக்கங்களை ஒழுங்கு செய்தபோது, வரி முடிவில் எங்கெல்லாம் சொல் இடித்ததோ அங்கெல்லாம் ஹைஃபன் விசையைத் தட்டிச் சரிக்கட்டினேன். அழகாக இருந்தது. கடைசி நேரத்தில் ஒரு படத்தைச் சேர்க்கப் பத்தியின் அகலத்தை மாற்றினார்கள். வரிகள் எல்லாம் நகர்ந்தன. நான் போட்ட கோடுகள் மட்டும் சொல்லை விட்டு நகரவில்லை. வரியின் நட்டநடுவில் 'மேன்-ஏஜர்', 'எஜு-கேஷன்' என்று விக்கி விக்கிப் பேசும் ஆங்கிலம் அச்சாகி வந்தது. இதற்கென்றே மென்கோடு என்று ஒன்று உண்டு: வரி முடிவில் மட்டும் தெரியும், மற்ற நேரம் மறைந்திருக்கும். வேர்டில் கன்ட்ரோல் விசையோடு ஹைஃபனைத் தட்டினால் அது விழும். இதைச் சொல்லித் தர அன்றைக்கு ஆளில்லை.

ஏற்கெனவே கோடு இருக்கும் சொல்லில் இன்னொரு கோடு போடாதீர்கள். 'மதர்-இன்-லா' என்ற மாமியாரை இருக்கிற கோட்டில் மட்டும் உடையுங்கள். அதோடு, நிரந்தரக் கோட்டையும் வரி முடிவுக் கோட்டையும் குழப்பக்கூடாது. 'ரிசைன்' பதவி விலகல். ஆர், இ-க்குப் பின் நிரந்தரக் கோடு வந்தால் மறுபடி கையெழுத்திடுதல். 'ரெக்கவர்' நலமடைதல், கோடு வந்தால் நாற்காலிக்குப் புது உறை போடுதல். இப்படிப்பட்ட சொல்லைக் கோடு விழும் இடத்திலேயே வரி முடிவிலும் வெட்டினால், பதவி விலகினாரா பத்திரத்தைப் புதுப்பித்தாரா என்று வாசகருக்குத் தெரியாது. அடுத்த வரிக்குத் தள்ளிவிடுங்கள். நிரந்தரக் கோடுகளின் ஆயுளும் கெட்டியில்லை. 2007இல் வந்த ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆறாம் பதிப்பு சுமார் 16,000 சொற்களிலிருந்து ஹைஃபனை எடுத்துவிட்டது. 'ஐஸ்-க்ரீம்' இரண்டு சொல்லானது. 'பம்பிள்-பீ' என்ற வண்டு ஒரே சொல்லாகிப் பறந்தது. பழைய அகராதியை வைத்துக்கொண்டு புது ஆளைத் திருத்தாதீர்கள்.

ஆள் பெயர், சுருக்கப் பெயர், எண் எதையும் வெட்டாதீர்கள். இணைய முகவரியை உடைக்க நேர்ந்தால் கோடு சேர்க்காதீர்கள். அந்தக் கோடும் முகவரியின் பகுதி என்று நினைத்து யாரோ தட்டிப் பார்ப்பார்கள்.

கோடுகளை ஏணி கட்ட விடாதீர்கள். அடுத்தடுத்து இரண்டு வரி பரவாயில்லை, மூன்று எல்லை. பக்கத்தின் கடைசிச் சொல்லை உடைத்துவிட்டு வாசகரைத் தாள் திருப்ப வைக்காதீர்கள். அச்சுக்கலை தொடங்கிய நாளிலேயே இந்தத் தொல்லையும் தொடங்கிவிட்டது. குட்டன்பர்கின் 42 வரி பைபிளில் வரி முடிவுக்கோடுகள் சாய்ந்த இரட்டைக்கோடாக, பத்திக்கு வெளியே ஓரத்தில் தொங்கும். பத்தியின் விளிம்பு நேராகத் தெரிய அவர் செய்த வேலை அது.

மொழியைச் சொல்லாமல் கணினியிடம் வெட்டும் வேலையைக் கொடுக்காதீர்கள். இணையப் பக்கத்தில் இந்தப் பகுதி ஆங்கிலம், இந்தப் பகுதி தமிழ் என்று குறித்தால்தான் உலாவி சரியான விதியை எடுக்கும். இருமொழிப் பக்கங்களில் இதை விட்டுவிட்டுப் பிறகு மென்பொருளைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது.

ஓசை உடைந்த இடத்தில் பொருள் இருக்கிறது என்று நம்பாதீர்கள். 'ஹெலிகாப்டர்' என்றதும் 'ஹெலி' ஒரு துண்டு, 'காப்டர்' ஒரு துண்டு என்று காது சொல்லும். 1861இல் பிரான்சில் போந்தோன் தாமேகூர் இந்தச் சொல்லைக் கட்டியபோது முதல் துண்டு சுருள் என்று பொருள்படும் 'ஹெலிகோ'. இரண்டாவது, இறக்கை என்று பொருள்படும் 'ப்டெர்'. காது கேட்ட இடத்தில் உடைத்தே 'ஹெலிபேட்', 'காப்டர்' எல்லாம் பிறந்தன. ஹாம்பர்க் என்ற ஊரின் பெயரால் வந்த 'ஹாம்பர்கர்' பன்றி இறைச்சிக்குச் சொந்தமாகி, 'பர்கர்' தனியே கடை போட்டதும் இதே கதை.

நம் வீட்டிலும் ஒன்று உண்டு. கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய்க் 'கேட்டமரான்' ஆனது. இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கு அந்தப் பெயர் நிலைத்தது. பிறகு மூன்று உடல் கொண்ட படகு வந்தபோது, பின்பாதி 'மரான்' என்பதற்குப் படகு என்று பொருள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு 'ட்ரைமரான்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கட்டு போய்விட்டது, மூன்று மரம் மிதக்கிறது.

மிளகுத்தண்ணீர் தப்பித்தது. 'மல்லிகடானி' சூப்பை அச்சிட நேர்ந்து வரி இடித்தால், ஜி, ஏ-க்குப் பின்னால் தயங்காமல் வெட்டுங்கள். ஓசையும் பொருளும் அங்கே ஒன்றாகப் பிரிகின்றன: மிளகு மேல்வரியில், தண்ணீர் கீழ்வரியில்.